ஜூடோகா: வீடா, ஆளா, கருப்பு பெல்ட்டா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுப் பையன் ஜூடோ வகுப்புக்குப் போகிறான். மஞ்சள் பெல்ட் தேர்வில் தேறியதற்குக் கொடுத்த சான்றிதழில் அவன் பெயருக்கு முன்னால் 'ஜூடோகா' என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று அப்பா கேட்டதற்கு, 'ஜூடோ என்கிற வீட்டில் குடியிருப்பவன்' என்று மாஸ்டர் விளக்கம் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெற்றோர், கருப்பு பெல்ட் வாங்கினவர்கள்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், நான்காம் டானும் (டான் என்பது கருப்பு பெல்ட்டிலிருந்து தொடங்குகிற படிகளின் பெயர்) அதற்கு மேலும் வாங்கினவர்களுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்று போட்டிருக்கிறது. எது சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். அவர் நேராகக் கேட்காத ஒன்றும் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்: சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களா?

சிரிக்க மாட்டார்கள், தாராளமாக மாட்டுங்கள். மற்ற கேள்விகளுக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஜூடோ பாயில் விழுந்து எழுந்தவன். நடுவில் நான்கு வருஷம் வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்தேன். அந்த மொழியைச் செய்தித்தாள் படிக்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். மொழியியல் முறையாகப் படித்தவன் அல்ல. பாயில் காதால் கேட்டது, அகராதியில் கண்ணால் பார்த்தது, இவ்வளவுதான் என் கைமுதல்.

ஜப்பானிய எழுத்தில் இந்தச் சொல் மூன்றே எழுத்து: ஜூ, தோ, க. மூன்றும் சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. முதல் இரண்டும் நெடில், கடைசி 'க' குறில். நாம் ஆங்கிலம் வழியாக வாங்கியதால் 'டோ' என்றும் 'கா' என்றும் எழுதிப் பழகிவிட்டோம். ஜப்பானியர் வாயில் நடு எழுத்து நம் 'தோ'வுக்குத்தான் நெருக்கம். நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய்த் தொடும். இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் நாம் மெலித்துத்தான் படிப்போம், 'பாகம்' என்பதில் வருவது மாதிரி. ஜப்பானிய 'க' இங்கே வல்லினமாகவே நிற்கும். 'ஜூடோக்கா' என்று எழுதினால் அது சரியாகும், ஆனால் அங்கே இல்லாத ஓர் அழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் எழுதுகிறபடியே நானும் 'ஜூடோகா' என்றே எழுதிப் போகிறேன்.

கேள்வியே கடைசி எழுத்தைப் பற்றியதுதான் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். மாஸ்டர் கற்பனையாகச் சொல்லவில்லை. அந்த எழுத்துக்கு வீடு என்பதுதான் முதல் பொருள். உற்றுப் பார்த்தால் மேலே ஒரு கூரை, கீழே ஒரு பன்றி. கூரைக்கு அடியில் பன்றி வளர்த்தால் அது வீடு என்று சொல்லித்தான் இந்த எழுத்தைக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் பன்றி வீட்டில் வளர்த்ததா, முன்னோருக்குப் பலி கொடுத்ததா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. கூரையும் பன்றியும் இருப்பதில் வழக்கு இல்லை.

ஆனால் ஒரே எழுத்தை ஜப்பானியர் இடத்துக்கு ஒரு மாதிரி படிப்பார்கள். அது தனியாக நின்றால் 'இயே', அதாவது நாம் குடியிருக்கிற வீடு. 'கே' என்று படித்தால் குலம், வம்சம். பழைய போர்க்கதைகளில் வருகிற 'ஹெய்கே' தாய்ரா குலத்தைக் குறிக்கும். தேநீர்க் கலையில் புகழ்பெற்ற உராசென்கே, ஓமோதேசென்கே ஆகிய பரம்பரைகளின் பெயரில் கடைசியில் வருவதும் இதே எழுத்துதான். 'க' என்று படித்து ஒரு துறையின் பெயருக்குப் பின்னால் ஒட்டினால், அந்தத் துறையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட ஆள் என்று பொருள். வீடு அந்த இடத்தில் மறைந்துவிடும்.

வீடு எப்படி ஆள் ஆனது? சீனத்தில் இதன் பாதை ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. வீடு என்பது முதலில் குடும்பம் ஆனது. குடும்பத்துக்குள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற கல்வி, குருவிடமிருந்து சீடனுக்குப் போகிற கல்வி ஆனபோது, அந்தச் சீடர் பரம்பரைக்கும் வீடு என்ற பெயர் வந்தது. ஹான் அரசர் காலத்தில் சீமா தான் என்ற அரசவை அறிஞர் பழைய சிந்தனையாளர்களை ஆறு 'வீடு'களாகப் பிரித்தார். கன்பூசியர் ஒரு வீடு, சட்டவாதிகள் ஒரு வீடு, தாவோ வழியினர் ஒரு வீடு என்று போகும். அவருடைய மகன் சீமா சியென் எழுதிய வரலாற்று நூலில் அந்தப் பிரிவினை இன்றும் இருக்கிறது. பரம்பரையைக் குறித்த சொல் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவரைக் குறிக்க வந்து, கடைசியில் எந்தத் துறையிலும் தேர்ந்தவரைக் குறிக்கிற பின்னொட்டாக நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தொலைவு போக வேண்டாம். இந்துஸ்தானி சங்கீதத்தில் கிரானா கரானா, குவாலியர் கரானா என்கிறார்களே, அந்தக் கரானாவுக்கு உள்ளேயும் 'கர்' என்கிற வீடுதான் இருக்கிறது. வீட்டைச் சொல்லி ஆளைக் குறிப்பது நமக்கும் பழக்கம். நாம் 'இல்லாள்' என்பதை ஜப்பானியக் கணவர் 'கனாய்' என்பார். வீட்டுக்கு உள்ளே என்று பொருள், எழுத்தும் இதே பன்றி எழுத்துதான். (இன்றைய இளைஞர்கள் அப்படிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.)

மெய்ஜி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்கத்தியத் துறைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, இந்தப் பின்னொட்டுக்கு நிறைய வேலை கிடைத்தது. ஓவியர் 'ககா', எழுத்தாளர் 'சக்கா', இசைக்கலைஞர் 'ஓங்ககுகா', கட்டடக் கலைஞர் 'கெஞ்சிகுகா'. அரசியல்வாதி 'செய்ஜிகா'. இவரை அரசியல் என்கிற வீட்டில் குடியிருப்பவர் என்று எந்த ஜப்பானியரும் நினைப்பதில்லை. (அப்படி நினைத்தால் நம்மூருக்குச் சில குடும்பங்களைப் பொறுத்தவரை கச்சிதமாகப் பொருந்தும் என்பது வேறு விஷயம்.) ஜூடோகாவும் இந்த வரிசையில் நிற்கிற சொல்தான். ஆகவே மாஸ்டர் சொன்னது எழுத்தின் பொருள், அதில் தவறில்லை. சொல்லின் பொருள் அது இல்லை. 'காதலன்' என்ற சொல்லைப் பிரித்துக் காதுக்கு விளக்கம் சொல்கிற அளவுக்கு மோசமில்லை என்றாலும், 'மனைவி' என்றால் மனையில் இருப்பவள் என்று இன்று விளக்கம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும்.

இந்த 'க'வுக்கு இன்னொரு முகம் உண்டு. கருப்பு பெல்ட் வாதத்துக்கு அதுதான் நல்ல பதில். எல்லா 'க'வும் தொழில் பெயர் இல்லை. ஓயாமல் உழைக்கிறவர் 'தொர்யோகுகா'. புத்தகமும் கையுமாகவே இருப்பவர் 'தொகுஷோகா'. சாப்பாட்டு ரசிகர் 'பிஷோகுகா'. எனக்குப் பிடித்தது 'க்யோசாய்கா': பெண்டாட்டிக்குப் பயந்தவர். இதற்கெல்லாம் தேர்வும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஒரு விஷயம் ஒருவரிடம் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஊறிப்போயிருந்தால் இந்த ஒட்டு வந்து சேர்ந்துகொள்ளும். ஜூடோகாவும் இப்படித்தான். ஜூடோ ஒருவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டதா என்பதுதான் கணக்கு. இடுப்பில் கட்டியிருக்கிற துணியின் நிறம் இந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை.

எல்லா விளையாட்டுக்கும் இது ஒட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமோ மல்லர் 'ரிகிஷி', வாள் பயில்பவர் 'கென்ஷி'. பேஸ்பால் ஆடுகிறவரும் நீச்சல் வீரரும் 'சென்ஷு', அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒலிம்பிக் ஜூடோவைத் தொலைக்காட்சியில் வர்ணிக்கிறவர்கூட போட்டியாளரின் பெயரோடு 'சென்ஷு' என்றுதான் சேர்த்துச் சொல்வார். கலைக்களஞ்சியத்தில் ஒருவரைப் பற்றி முதல் வரியில் 'ஜப்பானிய ஜூடோகா' என்று வரும். கடைக்காரர்களுக்கு 'யா' என்று இன்னோர் ஒட்டு இருக்கிறது, அதுவும் வீடுதான், ஆனால் வேறு எழுத்து. ரொட்டிக் கடை 'பான்யா'. அந்தப் 'பான்' போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது, ஈழத்தில் காலையில் சம்பலோடு சாப்பிடுகிற பாணின் சொந்தக்காரர். விற்கிறவருக்கு யா, கலையில் ஊறினவருக்கு க. இது பெரும்போக்கு மட்டும்தான், விதிவிலக்கு நிறைய.

இப்போது என் கதை. ஜப்பானுக்குப் போன முதல் வருஷம், நான் தங்கியிருந்த ஊரில் நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை ஜூடோ நடக்கும். அப்போது என் இடுப்பில் பழுப்பு பெல்ட். முதல் நாள் போனபோது எழுபது வயதைத் தாண்டிய ஆசிரியர் முழங்கால் போட்டு உட்கார்ந்து பாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய்க் குனிந்து வணங்கி, ரயிலில் வரும்போதே மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன்: 'வதாஷி வா ஜூடோகா தெஸ்.' துடைத்த கை நின்றது. 'ஹோ' என்றார். துணியைக் கீழே வைத்துவிட்டு, உடம்பை நிமிர்த்தி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: 'நான்-தான் தெஸ் கா?' எத்தனையாவது டான்? 'இக்யூ' என்றேன். முதல் டானுக்கு ஒரு படி கீழே. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன் மட்டும் மேல்சட்டைக் கழுத்துக்குள் முகத்தை இழுத்துக்கொண்டான், ஆமை மாதிரி. அன்று பயிற்சியில் அவன் என்னை ஏழெட்டுத் தடவை தூக்கிப் போட்டான். அவனுக்கு முதல் டான்.

பயிற்சி முடிந்து சட்டையை மடிக்கும்போது பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'ஜூடோவோ யத்தே இமாஸ். அவ்வளவு போதும்' என்றார். ஜூடோ செய்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை, சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி. அவர் ஆறாம் டான் என்பது பல வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிலைக்குச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருகிற பெல்ட் உண்டு, விசேஷ நாட்களில் கட்டலாம். அவர் தினமும் கட்டியது நைந்து, ஓரத்தில் உள்நூல் வெள்ளையாகத் தெரிகிற ஒரு கருப்பு பெல்ட். வெளியார் யாராவது கேட்டால் அவரும் 'ஜூடோவோ யத்தே இமாஸ்' என்றுதான் சொன்னார்.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: ஜப்பானில் ஜூடோகா என்பது பெரும்பாலும் அடுத்தவர் உங்களுக்குத் தருகிற சொல். ஜூடோவையே பிழைப்பாகக் கொண்டவர்கள் மேடையில் அப்படி அறிமுகம் செய்துகொள்வது உண்டு, அது இயல்புதான். கற்றுக்கொண்டிருக்கிறவர் சொன்னால் காதில் உறுத்தும். 'சென்செய்'யும் இப்படித்தான். ஆசிரியரை மற்றவர்கள் சென்செய் என்பார்கள், அவர் தன் வேலையைச் சொல்லும்போது 'க்யோஷி' என்பார். நாலு வருணமும் இரண்டு கீர்த்தனையும் பாடம் ஆனவர் 'நான் சங்கீத வித்வான்' என்று அறிமுகம் செய்துகொண்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதே கூச்சம்தான். வித்வானுக்கு இத்தனை கச்சேரி என்று யாரும் எண்ணிக்கை வைக்கவில்லை, இருந்தாலும் எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று நமக்குத் தெரிகிறது.

நான்காம் டான் கணக்குக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பல குறிப்புகளில் இது வரும்: பழைய வழக்கத்தில் நான்காம் டானும் அதற்கு மேலும் இருப்பவர் ஜூடோகா, அதற்குக் கீழே இருப்பவர் 'கென்க்யூசேய்' என்று. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது. கென்க்யூசேய் உண்மையான சொல்தான். ஆராய்ச்சி மாணவர், பயிற்சி மாணவர் என்று பொருள். ஜப்பான் அரசின் உதவித்தொகையில் மேற்படிப்புக்குப் போன நம் பிள்ளைகள் பலருக்கு முதல் ஆறு மாதமோ ஒரு வருஷமோ பல்கலைக்கழகத்தில் கிடைக்கிற பெயரும் இதுவே. ஆனால் ஜப்பானிய அகராதிகளில் ஜூடோகாவுக்கு எதிரே டான் எண் எதுவும் இருக்காது. தேர்ந்தவருக்கே உரிய சொல் என்ற மனப்போக்கு நிஜம், அதற்கு நான்கு என்று கோடு கிழித்தது சந்தேகத்துக்குரியது. கருப்பு பெல்ட் வாதமும் இதே தரம்தான். முதல் டானுக்கு ஜப்பானியத்தில் 'ஷோதான்', தொடக்கப் படி என்று பெயர். பள்ளி மாணவர்கள் வாங்குகிற படி அது, என்னைத் தூக்கிப் போட்ட ஆமைப் பையன் மாதிரி. வெளியே நமக்குக் கருப்பு பெல்ட் என்றால் சிகரம், அங்கே அது அரிச்சுவடி முடித்த அடையாளம்.

படியையும் சொல்லையும் ஒன்றாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுகுதா கெய்கோ நல்ல உதாரணம். 1935ல் ஜூடோவின் தாய்ப் பள்ளியான கோடோகானில் சேர்ந்து, சாகும்வரை ஜூடோவையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட பெண். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்பது அந்நாள் நடைமுறை. அவர் பல வருஷம் அங்கேயே நின்றார். 1972ல்தான் ஆறாம் டான் கொடுத்தார்கள். 2013ல் 99 வயதில் இறந்தபோது உலகத்தின் மிக உயர்ந்த படியில் இருந்த பெண் அவர். இடைப்பட்ட காலத்தில் அவர் எந்த அளவுக்கு ஜூடோகா என்பதை அந்த எண் சொல்லவே இல்லை. இவருடைய தாத்தா ஃபுகுதா ஹாச்சினோசுகே, ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவின் முதல் குரு. முன்னால் இருக்கிற 'ஜூ', 'தோ' இரண்டையும் சொல்ல கானோவிடமிருந்தே போகலாம்.

கானோ 1860ல் இன்றைய கோபே நகரத்தில் அடங்கும் மிகாகே என்ற இடத்தில், சாக்கே என்கிற அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். சிறிய உடம்பு, படிப்பில் கெட்டி, பள்ளியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கினவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, 1877ல் ஃபுகுதாவிடம் தென்ஜின் ஷின்யோ மரபு ஜுஜுட்சு, அதாவது பிடித்து வீழ்த்துகிற பழைய சண்டைக் கலை, கற்கச் சேர்ந்தார். அந்த 'யோ' வில்லோ மரம், கிரிக்கெட் மட்டைக்குப் பேர்போனது. பனி கொட்டும்போது மற்ற மரக் கிளைகள் ஒடிய, வில்லோ கிளை வளைந்து கொடுத்துப் பனியைக் கீழே தள்ளிவிட்டு நிமிர்ந்ததைப் பார்த்து ஒருவர் இந்தக் கலையைக் கண்டுபிடித்தார் என்று இதற்கு மூலமான மரபில் ஒரு கதை உண்டு. கதை நடந்ததா என்று கேட்காதீர்கள், தலபுராணம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கானோ கிதோ மரபையும் கற்றார். கிதோ என்றால் எழுவதும் விழுவதும்.

'ஜூ' என்பது மென்மை, வளைந்து கொடுப்பது. எழுத்தில் மேலே ஈட்டி, கீழே மரம். ஈட்டிக் கம்புக்கு ஏற்ற, ஒடியாமல் வளைகிற மரம் என்று ஜூடோ வகுப்புகளில் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட பழைய சீன அகராதி, மரம் வளைந்தும் நிமிர்ந்தும் கொடுப்பது என்று பொருள் சொல்லிவிட்டு, ஈட்டி ஒலிக்காகச் சேர்த்தது என்கிறது. நான் அகராதியின் பக்கம். 'மென்மை வன்மையை அடக்கும்' என்ற வாசகம் பழைய சீனப் போர்நூல் ஒன்றில் இருப்பது, ஜுஜுட்சுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கானோ இதை ஒரு சின்னக் கணக்காக விளக்குவார். எதிராளியின் பலம் பத்து, என் பலம் ஏழு. அவர் முழுப் பலத்தோடு தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் நான்தான் தோற்பேன். அவர் தள்ளுகிற அளவுக்குப் பின்வாங்கி என் சமநிலையை மட்டும் காப்பாற்றிக்கொண்டால், எதிர்ப்பு இல்லாமல் அவர் முன்னால் சாய்வார். சாய்ந்த நிலையில் அவர் பலம் பத்திலிருந்து மூன்றாகக் குறையும். அப்போது என் ஏழில் பாதி போதும். பாயில் இதை முதல் முறை உடம்பால் உணர்கிற நாள் மறக்காது. முழு வேகத்தில் மோதினவர் உங்கள் இடுப்புக்கு மேலே எடையே இல்லாமல் போய்க்கொண்டிருப்பார். அப்புறம் கானோவே சொல்வார், வளைந்து கொடுப்பது மட்டும் எல்லா நிலைக்கும் போதாது என்று. பின்னால் இருந்து ஒருவர் கட்டிப் பிடித்தால் வளைந்து என்ன செய்வது? அதனால்தான் பிற்காலத்தில் 'ஆற்றலை மிகச் சிறப்பாகப் பயன்படுத்துவது' என்கிற பெரிய கொள்கையாக அதை விரித்தார்.

1882ல், 21 வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற இடத்தில் அவர் தொடங்கியதுதான் கோடோகான். ஜுஜுட்சு என்ற பெயரை விட்டு ஜூடோ என்று வைத்ததற்குக் காரணம் அவரே சொல்லியிருக்கிறார். சாமுராய் வர்க்கம் ஒழிந்து, 1876ல் வாள் தரிப்பதற்கும் தடை வந்தபின், ஜுஜுட்சு ஆசான்களுக்குப் பிழைப்பு போயிற்று. சிலர் காசுக்கு மேடையில் சண்டை காட்டினார்கள், சிலருடைய சீடர்கள் தெருவில் வம்பிழுத்தார்கள். பெயரே கெட்டுப்போயிருந்தது. 'ஜுட்சு' என்றால் நுட்பம், வித்தை. அதை எடுத்துவிட்டு 'தோ', வழி, என்று வைத்தார். சட்டென்று அப்படித் தோன்றினாலும், ஜூடோ என்ற சொல்லை அவரே உண்டாக்கவில்லை. ஜிகிஷின் என்ற பழைய மரபு ஏற்கெனவே தன்னை ஜூடோ என்று அழைத்துவந்தது. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் தன்னுடையதைக் 'கோடோகான் ஜூடோ' என்று சேர்த்தே சொன்னார். இந்த 'தோ'வுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. பயிற்சிக் கூடத்தை 'தோஜோ' என்கிறோம் அல்லவா? புத்தர் ஞானம் பெற்ற இடத்தைச் சொல்லும் 'போதிமண்டம்' என்ற வடமொழிச் சொல்லைச் சீனத் துறவிகள் 'வழியின் இடம்' என்று மொழிபெயர்த்தார்கள். அதன் ஜப்பானிய உச்சரிப்புதான் தோஜோ. கயையில் தொடங்கிய சொல், கோயில் வழியாகவே மல்யுத்தப் பாய்க்கு வந்திருக்கிறது.

சரி, இவ்வளவு கூச்சத்தோடு புழங்குகிற சொல் ஒன்பது வயதுப் பையன் சான்றிதழில் எப்படி ஏறியது? வெளிநாடு போனதால்தான். லண்டனில் கொய்சுமி குஞ்சி 1918ல் புடோக்வாய் என்ற சங்கத்தைத் தொடங்கினார். பாரிசில் 1935 முதல் கவாய்ஷி மிகினோசுகே கற்றுக்கொடுத்தார். ஐரோப்பாவில் ஜூடோ வேர்விட்டபோது, ஜூடோ செய்கிற எவரையும் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. ஜூடோகா கைக்கு அடக்கமாக இருந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இன்று அதற்கு ஜூடோ பயில்பவர் என்பது மட்டும்தான் பொருள், ஐந்து வயதுக் குழந்தையும் ஜூடோகாதான். ஜப்பானியக் கூச்சம் கடல் கடக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எடைப் பிரிவு இல்லாத போட்டியின் இறுதியில் டச்சுக்காரர் அன்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவை அவர் ஊரிலேயே அமுக்கிப் பிடித்து வென்றார். சந்தோஷத்தில் பாயை நோக்கி ஓடிவந்த தன் நாட்டு ஆட்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தோற்றவரோடு முறைப்படி வணக்கம் செய்தார். அதைப் பார்த்த ஜப்பானியர்களுக்கு அவரை ஜூடோகா என்று சொல்ல எந்தத் தயக்கமும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இலக்கணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத்தில் இந்தச் சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை, ஒருமை பன்மை இல்லை. ஆங்கிலத்தில் சிலர் கடைசியில் 'ஸ்' சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை, இரண்டும் புழக்கத்தில் உண்டு. தமிழில் 'ஜூடோகாக்கள்' என்று எழுதலாம், தவறில்லை, வாய்க்குத்தான் கொஞ்சம் கடினம். 2022 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்ற சுசீலா தேவியைப் பற்றிச் சொல்ல நமக்கு 'ஜூடோ வீராங்கனை' இருக்கிறது. எனக்கு அது போதும். ஆனால் 'வீரர்' போட்டிக்குப் போகிறவரைச் சொல்வது. போட்டிப் பக்கமே போகாமல் முப்பது வருஷம் வாரம் மூன்று நாள் பாய்க்கு வருகிற ஒரு வங்கி ஊழியரை எனக்குத் தெரியும். அவரைச் சொல்ல எனக்கு ஜூடோகா தவிர வேறு சொல் கிடைக்கவில்லை.

ஆக, உங்கள் பையனின் சான்றிதழில் இருப்பது வெளிநாட்டு ஜூடோகா. அந்தக் கணக்கில் அவன் ஜூடோகாதான், அதை யாரும் பிடுங்க முடியாது. நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் எழுதிக்கொள்கிறான் என்று நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். எழுதிக்கொள்ளட்டும், அந்த வயதில் நான் பெயருக்குப் பின்னால் பிரூஸ் லீ என்று எழுதிக்கொண்டவன். என்றைக்காவது ஜப்பானியப் பயிற்சியாளர் யாராவது உங்கள் ஊர் முகாமுக்கு வந்தால் மட்டும், 'ஜூடோவோ யத்தே இமாஸ்' என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் அடுத்துக் கேட்கப்போவது, 'நான்-நென் குராய்?', எத்தனை வருஷமாக என்று. ஒரு வருஷம் என்றால் 'இச்சி-நென்'. அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.